அப்பா அம்மா கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்: படம் கறுப்பு வெள்ளையில் உருள்கிறது, சத்தமும் இல்லை

காவிரிக்கரை (சனி, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா கல்யாணம் 1993 ஆவணியில் கும்பகோணத்தில் நடந்தது. இரண்டு விஎச்எஸ் கேசட் இருக்கிறது. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அவர் தெம்பாகப் பேசிச் சிரித்த குரல் எங்கள் வீட்டில் வேறு எதிலும் இல்லை. செல்போனில் இருப்பவை எல்லாம் உடம்பு முடியாமல் போன பிறகு எடுத்தவை. 2006 வாக்கில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருந்தோம். அந்த டிவிடி இப்போது எந்தப் ப்ளேயரிலும் ஓடவில்லை.

மாமா வீட்டுப் பரணிலிருந்து டெக்கை இறக்கிக் கொண்டுவந்தேன். பின்னால் படத்துக்கு மஞ்சள் ஒன்று, சத்தத்துக்கு வெள்ளை ஒன்று, இரண்டே அவுட்தான். டிவியில் செருகினால் கலரில் நன்றாக வருகிறது. ஆன்லைனில் டெக் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும், மூன்று பின் வைத்த யுஎஸ்பி கேப்சர் டாங்கிள் வாங்கி லேப்டாப்பில் போட்டேன். விண்டோஸ் 11. படம் கறுப்பு வெள்ளையில் வந்து மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கிறது. சத்தம் சுத்தமாக இல்லை.

டாங்கிளில் கோளாறா, நான் செருகியதில் கோளாறா? அம்மா தினமும் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரிவண்டி (சனி, இரவு 10.05)

டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். அது அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் நிற்கிறது. நம் ஊர் கேசட் பால் முறை. பால் முறையில் 625 கோடு, நொடிக்கு 25 படம். என்டிஎஸ்சியில் 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30. கோட்டுக் கணக்கு ஒத்துப்போகாததால் படம் உருள்கிறது. நிறத்தைப் பிரித்தெடுக்கும் விதமும் வேறு என்பதால் கலர் போய்விடுகிறது. கேப்சர் செய்யும் சாஃப்ட்வேரில் வீடியோ டிகோடர் என்ற பக்கம் இருக்கும். அதில் பால் பி என்று தேர்ந்தெடுங்கள்.

சத்தத்துக்கு: விண்டோஸ் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மைக்ரோபோன் அனுமதியைத் திறந்துவிடுங்கள். டாங்கிள் வழியாக வரும் ஆடியோவையும் விண்டோஸ் மைக் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. அனுமதி மூடியிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் மௌனமாகவே பதிவாகும்.

பழையடெக்மெக்கானிக் (ஞாயிறு, காலை 6.20)

அம்மா, ஒரு நிமிஷம். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கேசட்டை டெக்கிலிருந்து உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

1986 முதல் கோயம்புத்தூரில் டெக் ரிப்பேர் பார்த்தவன் நான். பரணில் இருபது வருஷம் கிடந்த டெக்கில் திரும்பக் கிடைக்காத கேசட்டைப் போடுவதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு பதறும். ஏன் என்று சொல்கிறேன்.

டெக்குக்குள் பிஞ்ச் ரோலர் என்று ஒரு ரப்பர் உருளை உண்டு. டேப்பை இழுத்து விடுவது அதுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் ரப்பர் இறுகிக் கண்ணாடி மாதிரி வழுக்கும். அப்போது டேப் நேராகப் போகாது, ஓரமாக ஏறி மடங்கும். டெக் கேசட்டைத் தின்றுவிட்டது என்று அந்தக் காலத்தில் சொல்வோமே, அது பெரும்பாலும் இதனால்தான். பெல்ட் தளர்ந்திருந்தாலும் நடக்கும்: நீங்கள் கேசட்டை வெளியே எடுக்கும் நேரத்தில் டேப்பைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் ரீல் சுற்றாமல் நின்றுவிடும், டேப் டெக்கின் வயிற்றிலேயே தொங்கும்.

மடங்கிய இடத்தை நீவிவிட்டாலும் அங்கே போன படம் போனதுதான்.

அதனால் முதலில் ஒரு வேண்டாத கேசட்டைத் தேடுங்கள். பழைய சினிமா கேசட் எதுவானாலும் சரி. அதை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முன்னால், பின்னால் முழுக்கச் சுற்றுங்கள். நாலைந்து முறை போட்டு எடுங்கள். ஓரம் மடங்காமல், கோடு விழாமல் வெளியே வந்தால் மட்டும் கல்யாணக் கேசட்டைத் தொடலாம்.

ஹெட் சுத்தம் செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். மின்சாரத்தை எடுத்துவிட்டு மேல் மூடியைத் திறங்கள். சாய்வாக நிற்கும் பளபளப்பான உருளை தெரியும், அதுதான் டிரம். அதன் விட்டம் 62 மில்லிமீட்டர். பால் டெக்கில் ஒரு நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். ஹெட் என்பது டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும், அந்த டிரம்மின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு துணுக்கு. காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், பஞ்சு இழை மாட்டி ஹெட்டைப் பெயர்த்துவிடும். வெள்ளைத் தாளை மடித்து ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஸ்பிரிட்டில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். பிடித்த கை அசையக் கூடாது. மறு கையால் டிரம்மின் மேல்பக்கத்தைத் தொட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்காதீர்கள், ஹெட் உடைந்துவிடும். கறுப்பு அழுக்கு தாளில் வரும். அது வருவது நிற்கும் வரைக்கும் தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஈரம் காய கால் மணி நேரம் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. கேசட்டின் ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். டேப் சுருளின் மேல் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி இருக்கிறதா?

காவிரிக்கரை (ஞாயிறு, மதியம் 1.15)

ஐயா, மிக்க நன்றி. கேசட்டை வெளியே எடுத்துவிட்டேன். முதல் கேசட் கறுப்பாகச் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவது கேசட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். நல்லவேளை, அதை இன்னும் டெக்கில் போடவே இல்லை.

ராத்திரிவண்டி சொன்னபடி பால் பி வைத்து, ஒரு பழைய கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். கலர் வந்துவிட்டது! அனுமதி திறந்ததும் சத்தமும் வந்தது. ஆனால் இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது. கூடவே ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். ஹெட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வைத்துக்கொண்டு சுத்தம் செய்கிறேன்.

பழையடெக்மெக்கானிக் (ஞாயிறு, மதியம் 1.50)

அது பூஞ்சை. இரண்டாவது கேசட்டை எந்தக் காரணம் கொண்டும் அந்த டெக்கில் போடாதீர்கள். பூஞ்சைத் தூள் ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் தொற்றும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து மூடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், டேப் நெளிந்துவிடும். அதை எப்படிச் சரி செய்வது என்று தனியாக எழுதுகிறேன்.

பெங்குயின்பிரியன் (ஞாயிறு, மாலை 4.30)

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருவது கோளாறு அல்ல. உங்களுடையது மோனோ டெக், ஒரே ஒரு வெள்ளை அவுட். அது டாங்கிளின் இடது சேனலில் மட்டும் போகிறது. பதிவு முடிந்த பிறகு ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேரில் இடதை வலதுக்கும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நிற்கிறதா?

காவிரிக்கரை (ஞாயிறு, மாலை 5.10)

பாதி குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

பெங்குயின்பிரியன் (ஞாயிறு, மாலை 5.25)

டெக்கின் பின்னால் ஆன்டெனா இன் துளையில் ஏதாவது ஒயர் செருகியிருக்கிறதா?

காவிரிக்கரை (ஞாயிறு, மாலை 5.40)

ஆமாம்! மாமா வீட்டில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று கேபிள்காரர் ஒயரை அதில் செருகிவைத்தேன். அதை எடுத்ததும் சத்தம் சுத்தமாகிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெங்குயின்பிரியன் (ஞாயிறு, மாலை 6.30)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. கேபிள் ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கோ ஓர் இடத்தில் பூமியைத் தொட்டிருக்கும். உங்கள் லேப்டாப் சார்ஜர் மூன்று பின் என்றால் அது வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சின்ன மின்னழுத்த வேறுபாடு. நடுவில் ஏவி ஒயர் பாலமாக மாட்டிக்கொண்டதும் அந்த வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கசிகிறது. அதுதான் ம்ம்ம் சத்தம். சிலருக்குப் படத்தில் மெல்லிய பட்டை மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அதுவும் இதே காரணம்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இரைச்சல் போக வேண்டும் என்று சார்ஜரின் எர்த் பின்னை வெட்டுவதோ, டேப் சுற்றுவதோ வேண்டாம். உயிருக்கு ஆபத்து. எலக்ட்ரானிக் கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்று கேட்டால் ஆடியோ ஒயருக்கு நடுவில் மாட்டும் சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பா கிடைக்கும். அது போதும்.

ஸ்காபரோக்காரி (திங்கள், காலை 7.10)

இந்த இழையை இப்போதுதான் கண்டேன். எனக்கும் இதே தேவை, ஆனால் நான் கனடாவில் இருக்கிறேன். சித்தியின் கலியாணம் 1995இல் கொழும்பில் நடந்தது, அந்தக் கசெற் என்னிடம் உண்டு. இங்கே ஒரு பழைய பொருட்கடையில் டெக் வாங்கிப் போட்டால் கோடு கோடாக ஏதோ ஓடுகிறது, சத்தமும் வேகமாக, கீச்சுக் குரலில் கேட்கிறது. கசெற் பழுதாகிவிட்டது என்று சித்தி அழுதுவிட்டா. உண்மையாகவே பழுதா?

ஐம்பதுஃபீல்டு (திங்கள், காலை 8.45)

பழுதே இல்லை, சித்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேசட் டப்பா உலகம் முழுக்க ஒன்றேதான், அதனால் எந்த டெக்கிலும் உள்ளே போய்விடும். உள்ளே எழுதியிருக்கும் விதம்தான் வேறு. இலங்கையும் இந்தியாவைப் போலப் பால் முறை. பால் கேசட்டில் டேப் ஒரு நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் நகரும். கனடாவில் விற்ற என்டிஎஸ்சி டெக் 3.34 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கும். அதனால்தான் கீச்சுக் குரல். டிரம் வேகமும் 1500க்குப் பதில் 1800. ஆகவே ஹெட் டேப்பில் உள்ள தடங்களின் மேல் சரியாகப் போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

உங்களுக்கு வேண்டியது பால் ஓட்டும் டெக். மல்டி சிஸ்டம் டெக் என்று தேடுங்கள், புலம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைய வைத்திருந்தார்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும். அல்லது லண்டனிலிருந்தோ ஊரிலிருந்தோ யாராவது டெக் கொண்டுவரலாம். பின்னால் 230 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் 120ஐ 230 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், டெக் மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது அல்ல.

கேப்சர் டாங்கிள் எந்த நாட்டில் வாங்கியதானாலும் பெரும்பாலும் இரண்டு முறையையும் எடுக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில மல்டி டெக் பாலை என்டிஎஸ்சியாக மாற்றியும் அனுப்பும். அந்த வசதியை அணைத்துவிட்டுப் பாலாகவே கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். கனடா டிவியில் பார்ப்பதற்குத்தான் அந்த மாற்றம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை.

ஸ்காபரோக்காரி (திங்கள், காலை 8.58)

வாசித்ததும் சித்திக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மனசு ஆறிப்போச்சு என்றா. மிக்க நன்றி அண்ணா.

தெருமுனை (திங்கள், இரவு 11.00)

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் சின்ன டப்பா ஒன்று, ஹெச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிள் ஒன்று. ஓபிஎஸ் என்ற ரெகார்டிங் சாஃப்ட்வேரில் 1080 வைத்து ரெகார்ட் அழுத்தினால் எம்பி4 தயார். நான் நாலு கேசட் அப்படித்தான் செய்தேன், நன்றாகவே இருக்கிறது.

ஐம்பதுஃபீல்டு (செவ்வாய், காலை 7.30)

தெருமுனை, நீங்கள் செய்ததும் ஒரு வழிதான், வீட்டில் பார்க்க உதவும். ஆனால் இந்தக் கேசட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பால் வீடியோவில் 25 முழுப் படம் என்று சொல்கிறோம். உண்மையில் அது 50 அரைப் படம். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகள். இவற்றை ஃபீல்டு என்கிறோம். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் அட்சதை எறிவார்களே, அந்தக் கைகளின் அசைவு 50 தனித்தனிக் கணங்களாக டேப்பில் இருக்கிறது. அந்த மலிவான மாற்று டப்பா என்ன செய்கிறது? இரண்டு அரையையும் அவசரமாக ஒட்டி, அதைப் பெரிதாக இழுத்து, பெரும்பாலும் நொடிக்கு 60 ஆக்கி அனுப்புகிறது. 50ஐ 60 ஆக்க வேண்டுமென்றால் சில படங்களை இரண்டு தடவை காட்டியாக வேண்டும். அதனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் உதறும். அதன் பிறகு டாங்கிள் அதை ஜேபெக் படமாக அழுத்துகிறது, அப்புறம் ஓபிஎஸ் இன்னொரு முறை அழுத்துகிறது. பிறகு எவ்வளவு நல்ல சாஃப்ட்வேர் வந்தாலும் பழைய 50 கணங்களைத் திரும்பப் பிரிக்க முடியாது.

1080 வைத்தால் தெளிவு கூடும் என்பதும் சரியல்ல. விஎச்எஸ் கேசட்டில் குறுக்காக ஏறக்குறைய 240 கோட்டுத் தெளிவுதான் உண்டு. 720க்கு 576 என்ற அளவே அதற்குத் தாராளம்.

காவிரிக்கரை, உங்களுக்கு நான் சொல்வது: விர்ச்சுவல்டப்2 என்ற கேப்சர் சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அளவு 720க்கு 576, நொடிக்கு 25, வண்ண வடிவம் ஒய்யுஒய்2. கம்ப்ரஷனுக்கு ஹஃப்யுவ் அல்லது லகாரித். இவை ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்குபவை. சுருக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆகும், இதில் பாதிக்குக் குறைவாக வரும். அரைப் படங்களை ஒட்டும் டீஇன்டர்லேஸ் வேலையைப் பதிவின்போது செய்யவே வேண்டாம். கோடு கோடாக, சீப்பு மாதிரி தெரியும். அப்படியே இருக்கட்டும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். கல்யாண வீடியோ எடுத்தவர்கள் முகத்துக்கு நேராகப் பெரிய விளக்கைப் பிடித்திருப்பார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டி வெள்ளையாக வெந்துபோய் ஜரிகைகூடத் தெரியாது. அது டேப்பிலேயே அப்படி இருக்கலாம், ஆனால் பாதி நேரம் டாங்கிள்தான் காரணம். விர்ச்சுவல்டப்பின் கேப்சர் பகுதியில் ஹிஸ்டோகிராம் என்று வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம் உண்டு. அதை ஓடவிட்டு, வெளிச்சமான காட்சியில் வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பரவாயில்லை, அதைப் பின்னால் கூட்டலாம். வெந்துபோன வேட்டியைத் திரும்ப எடுக்க முடியாது.

தெருமுனை (செவ்வாய், காலை 9.10)

உதறல் விஷயம் உண்மைதான். நான் எடுத்ததை இப்போது போட்டுப் பார்த்தேன், ஊர்வலத்தில் கேமரா திரும்பும் இடமெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அது கேசட்டின் குறை என்று நினைத்திருந்தேன். கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது, திரும்ப எடுக்கிறேன்.

காவிரிக்கரை (அடுத்த திங்கள், இரவு 8.20)

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் ஹெட்டைச் சுத்தம் செய்தோம். தாளில் அவ்வளவு கறுப்பு வந்தது. வேண்டாத கேசட்டை இரண்டு மணி நேரம் ஓட்டினோம், மடங்கவில்லை. அதன் பிறகு முதல் கேசட்டைப் போட்டோம்.

மூன்று பிரச்சினை. படத்தின் மேல் பகுதி கொடி பறக்கிற மாதிரி வலது பக்கம் வளைகிறது. டிவியில் அப்படித் தெரியவில்லை. இரண்டாவது, ஏழு நிமிஷத்தில் பதிவு தானாக நின்றுவிட்டது. மூன்றாவது, நாதஸ்வரக்காரர் விரல் அசைவதற்கும் சத்தத்துக்கும் ஒட்டவில்லை. ஆடியோவை டாங்கிளில் விட்டால் சில நேரம் கரகரப்பதால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகியிருந்தேன்.

ராத்திரிவண்டி (திங்கள், இரவு 8.45)

பதிவு நின்றது: ஃபைல் அளவு 4 ஜிபிக்குக் கொஞ்சம் கீழேயா? வெளி டிஸ்க்கில் பதிவு செய்கிறீர்கள் என்றால் அது ஃபேட்32 ஃபார்மேட்டாக இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள்.

பெங்குயின்பிரியன் (திங்கள், இரவு 9.05)

நாதஸ்வரம் விலகுவதற்குக் காரணம்: படம் டாங்கிளின் கடிகாரப்படி வருகிறது, ஒலி லேப்டாப் சவுண்டு கார்டின் கடிகாரப்படி. இரண்டு படிகங்களும் ஒரே வேகத்தில் துடிக்காது. ஒரு மணி நேரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். தவிர, லேப்டாப்பின் அந்த ஹெட்போன் துளை உள்ளே எடுப்பது மைக் சிக்னலைத்தான். மிக மெல்லிய சிக்னலுக்காக வைத்தது, டெக் ஆடியோ அதற்கு அளவுக்கு மீறிய சத்தம். மேசைக் கம்ப்யூட்டரில் நீல நிற லைன் இன் இருந்தால் அது வேறு. உங்களுக்கு ஆடியோவும் டாங்கிள் வழியாகவே வரட்டும். கரகரப்பு யுஎஸ்பி ஹப்பினால் வந்திருக்கும். ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள், அந்த நேரத்தில் வேறு எதையும் அதில் மாட்டாதீர்கள்.

ஐம்பதுஃபீல்டு (திங்கள், இரவு 10.30)

மேலே வளைவதுதான் இதில் முக்கியமானது. விர்ச்சுவல்டப்பின் வலது பக்கத்தில் ட்ராப் ஆன, அதாவது பதிவாகாமல் தவறிய, பிரேம் எண்ணிக்கை காட்டும். உங்களுக்கு அது ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

கேசட்டில் ஒவ்வொரு கோடும் சரியான நேரத்தில் தொடங்குவதில்லை. டேப்பின் இழுவை கொஞ்சம் மாறினாலும் கோடு முந்தும் அல்லது பிந்தும். ஒரு ஹெட் முடிந்து அடுத்த ஹெட் தொடங்கும் இடத்தில் அது அதிகம், அந்த இடத்துக்கு அடுத்தாற்போல் வருவது படத்தின் மேல் பகுதி. பழைய குண்டு டிவி இதற்கெல்லாம் வளைந்துகொடுக்கும், அதனால் நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். டாங்கிளுக்குள் இருக்கும் சின்ன சில்லுக்கு அந்தப் பொறுமை இல்லை.

இதைச் சரி செய்யும் கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தனியாக வாங்கினால் விலை தாங்காது. நம்மைப் போன்றவர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: டிவிடி ரெகார்டர். ப்ளேயர் அல்ல, ரெகார்டர். குறிப்பாகப் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் வளையும் கோடுகளை நேராக்குவதில் பேர்போனவை. டெக்கின் அவுட்டை ரெகார்டரின் இன்னில் கொடுங்கள், ரெகார்டரின் அவுட்டை டாங்கிளில் கொடுங்கள். டிஸ்க் போட வேண்டியதே இல்லை. அதன் டிஸ்க் டிரைவ் செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, சிக்னல் உள்ளே புகுந்து நேராகி வெளியே வந்தால் போதும். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ அவுட் இருந்தால் டாங்கிளுக்கு அதிலேயே கொடுங்கள். 2000க்குப் பிறகு கல்யாண வீடியோ ஸ்டூடியோக்காரர்கள் கேசட்டை டிவிடியாக்க வைத்திருந்த பெட்டிதான் இது. உங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் தூசியோடு எங்காவது கிடக்கும்.

காவிரிக்கரை (வியாழன், இரவு 9.15)

கிடைத்துவிட்டது! ஊரில் ஒரு பழைய வீடியோ அண்ணன் கடையில் கேட்டேன். டிஸ்க் தட்டு திறக்காத இஎஸ்15 ஒன்று அட்டைப்பெட்டியில் இருந்தது. காசு வேண்டாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து கொடு என்று சொல்லிவிட்டார். படம் நேராக நிற்கிறது, ட்ராப் எண்ணிக்கை ஒரு மணி நேரத்தில் 2.

இடையில் ஒரு கேள்வி. இதே டாங்கிளில் செட் டாப் பாக்ஸையும் பிடிக்க முடியுமா? உள்ளூர் கேபிள் சேனலில் எங்கள் தெருக் கோவில் கும்பாபிஷேகம் வரப்போகிறது.

ராத்திரிவண்டி (வியாழன், இரவு 9.40)

பாக்ஸின் ஏவி அவுட்டில் முடியும். அதுவும் பால்தான், நீங்கள் இப்போது வைத்திருக்கும் செட்டிங்கே போதும். ஹெச்டிஎம்ஐ அவுட்டில் பெரும்பாலும் நகல் எடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி பூட்டு இருக்கும், கேப்சர் டாங்கிளில் வெறும் கறுப்புத் திரைதான் வரும். பூட்டை உடைக்கும் கருவிகளைத் தேடிப் போக வேண்டாம். கோவில் நிர்வாகத்திடமோ படம் எடுத்தவரிடமோ கேட்டால் மூல ஃபைலையே கொடுப்பார்கள், அது இதைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும்.

பழையடெக்மெக்கானிக் (வெள்ளி, காலை 6.05)

இரண்டாவது கேசட்டுக்கு வருகிறேன். பத்து நாள் சிலிக்கா ஜெல்லில் இருந்திருக்கும், பூஞ்சை காய்ந்து தூளாகியிருக்கும்.

இதற்குப் பலி கொடுக்க இன்னொரு டெக் வேண்டும். படம் வராவிட்டாலும் சரி, முன்னும் பின்னும் சுற்றினால் போதும். மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நிழலில் செய்யுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. டெக்கின் மூடியைத் திறந்துவைத்து, டேப் போகும் வழியில் பஞ்சு உதிராத மெல்லிய துணியை மடித்து இரண்டு பக்கமும் படும்படி மிக லேசாகப் பிடியுங்கள். மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை துணியின் புதுப் பக்கத்துக்கு மாறுங்கள். இப்படிப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

அதன் பிறகு சுருளைப் புது டப்பாவுக்கு மாற்ற வேண்டும், பழைய டப்பாவின் மூலையெல்லாம் பூஞ்சை இருக்கும். கேசட்டைக் கவிழ்த்தால் ஐந்து ஸ்க்ரூ. கழற்றிவிட்டு, மறுபடி நிமிர்த்தி, மேல் பாதியை நேராகத் தூக்குங்கள். டேப் எந்த உருளையின் எந்தப் பக்கமாகப் போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். டேப்பின் பளபளப்பான பரப்பில் விரல் படக் கூடாது.

உங்களுக்குப் பயமாக இருந்தால் கோயம்புத்தூருக்குக் கொண்டுவாருங்கள் அம்மா. நானே செய்து தருகிறேன்.

காவிரிக்கரை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.50)

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்.

முதல் கேசட் முழுக்க முடிந்தது. 2 மணி 50 நிமிஷம், லகாரித்தில் 96 ஜிபி. அதை இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன், ஒன்று இங்கே, ஒன்று தம்பி வீட்டில். அம்மா பார்ப்பதற்கு ஐம்பதுஃபீல்டு தனிச்செய்தியில் சொன்னபடி க்யூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட் போட்டு நொடிக்கு 50 படமாக விரித்து எம்பி4 எடுத்தேன், 9 ஜிபி. ஒரு ராத்திரி முழுக்க லேப்டாப் ஓடியது. அட்சதை விழுவது அப்படியே நீர் மாதிரி ஓடுகிறது.

இரண்டாவது கேசட்டை நான் தொடவில்லை. ஐயா வீட்டுக்கே கொண்டுபோனேன். காலை பதினொன்றுக்குப் போனோம், டப்பா மாற்றி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது, அவர் வீட்டில் சாப்பாடும் போட்டார்கள். பூஞ்சை இருந்த இடத்தில் ஏழெட்டு நொடிக்குப் படம் சிதறுகிறது. மீதி முழுக்க நன்றாக வந்துவிட்டது.

அதில்தான் நலங்கு இருக்கிறது. அத்தை பாட்டுப் பாடி அப்பாவைக் கிண்டல் செய்ய, அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே "போதும் போதும், அவளைப் பாடச் சொல்லுங்க" என்று அம்மாவைக் காட்டுகிறார். அம்மாவுக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதே ஞாபகம் இல்லையாம். நாலு தடவை பின்னால் போட்டுக் கேட்டார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு கேசட்டில் நீலத் திரை. நிறுத்தப் போனேன், தம்பி விடச் சொன்னான். இரண்டு நிமிஷம் கழித்துத் தூர்தர்ஷனில் வந்த ஏதோ பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. மிச்ச டேப் வீணாகக் கூடாது என்று மாமா பதிவு செய்திருக்கிறார். பாட்டுக்கு நடுவில் கரண்ட் போய் வந்த இடம்கூட அதில் இருக்கிறது.

டிவிடி ரெகார்டரை நாளைக்கு வீடியோ அண்ணனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்காபரோக்காரி, உங்களுக்கு மல்டி டெக் கிடைத்ததா?

ஸ்காபரோக்காரி (திங்கள், காலை 6.40)

கிடைத்தது, இங்கே மார்க்கம் நகரில் ஒரு மாமா வைத்திருந்தார். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தது. முதலில் வேண்டாத கசெற் ஒன்றைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஐயா சொன்னபடி.